பின்னால் வந்த மஞ்சள் வெளிச்சம்

றோசி அன்ரி இறந்த செய்தி வந்தபோது நான் நெல்லியடியில் ரியூஷன் வகுப்பில் இருந்தேன். வெளியே ஐப்பசி மழை. அம்மா குடையோடு வாசலில் நிற்பதைக் கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மழைக்குக் கூட்டிப் போக நான் என்ன சின்னப் பிள்ளையா என்று. பக்கத்தில் போனதும் அம்மா என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, “அன்ரி மோசம் போட்டா, பிள்ளை” என்றார். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சு நொந்திருக்கிறது. எத்தனையோ நோயாளிகளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவர், தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஆஸ்பத்திரித் தாதி, ‘மிசி’. சிலருக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவர். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவர் காரின் முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு மஞ்சள் விளக்குகளைப் பற்றி எழுதுகிறேன். அவை எதற்காக அங்கே பூட்டப்பட்டன என்பது எங்கள் ஒழுங்கையைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

கரவெட்டியில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. மகன் கனடாவில் என்பதால் தனியாகத்தான் இருந்தார். மார்கழியில் எங்கள் பிள்ளையார் கோயிலிலிருந்து விடியமுன் சங்கூதி, சேமக்கலம் அடித்து, பாடிக்கொண்டு வீதி சுற்றி வருவது வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் போகக் கேட்டோம். பாட்டெல்லாம் மனப்பாடம் செய்து முடித்திருந்தேன். அப்பா மறுத்துவிட்டார். வயல்வெளி வீதியில் பனிப்புகார் மூடினால் வாகனக்காரனுக்கு எதிரில் மாடு நின்றாலும் தெரியாது என்றார். நான் அழுதது மதிலுக்கு அப்பால் கேட்டிருக்க வேண்டும். அன்ரி அப்பாவிடம் வந்தார்.

“விடுங்கோ தம்பி. நான் காரிலை பின்னாலை வாறன்.”

“உங்கடை காரிலை பனி லைற்றே இல்லை, அக்கா. நீங்களே உந்தப் பிள்ளையளை இடிச்சுப் போடுவியள்.”

அன்ரி சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த நாள் விடியமுன் காரை எடுத்துக்கொண்டு வயல்வெளி வரை போய்ப் பார்த்திருக்கிறார். பெரிய லைற்றைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியதாம். திரும்பி வந்து அப்பாவிடம், “நீர் சொன்னது சரி. நான் இடிச்சிருப்பன்” என்றார். தோற்றதைச் சொல்வதில் அவருக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை.

அன்று மாலையே என்னையும் ஏற்றிக்கொண்டு நெல்லியடியில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனார். அந்தக் காரின் முன் பம்பரில் இரண்டு பக்கமும் வட்டமான குழி இருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தைக் கறுப்பு மூடி போட்டு அடைத்திருந்தார்கள். அன்ரி குனிந்து பார்த்துவிட்டு, “காது குத்தித் தோட்டுக்குப் பதிலா ஈர்க்குச் செருகி விட்ட பெட்டை மாதிரியெல்லே நிக்குது” என்றார். கடைக்காரர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கைக் காட்டி, இப்போது எல்லாரும் இதைத்தான் பூட்டுகிறார்கள் என்றார். அன்ரி மஞ்சளைக் கேட்டார். வெள்ளை நல்ல தூரத்துக்கு அடிக்கும் என்று அவர் விடாமல் சொல்ல, “எனக்குத் தூரம் வேண்டாம். பிள்ளையளின்ரை கால் தெரிஞ்சாக் காணும்” என்றார். கடைக்காரர் மஞ்சளையே எடுத்து வந்தார். பம்பரைக் கழற்றி, பற்றரியிலிருந்து வயர் இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தனியாக ஒரு சுவிச்சும் வைத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து காரை எங்கள் மதிலுக்கு நேரே நிறுத்தினோம். மறுத்த அப்பாதான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் முழந்தாளிட்டு, மதிலில் கரித்துண்டால் ஒரு கோடு கீறி, வெளிச்சம் அதற்கு மேலே ஏறாதபடி விளக்குகளைத் திருப்பிப் பூட்டினார்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடியுமுன் அழுகை வந்துவிடுகிறது. நாங்கள் பாடிக்கொண்டு போகப் பின்னால் வெளிச்சம் வந்தது. அன்ரி வருவார் என்று தெரிந்திருந்தும், வாகனம் என்றால் விலகும் பழக்கத்தில் வீதிக்கரையில் ஒதுங்கினோம். வாகனம் நின்றது. நாங்கள் நடந்தோம், அது வந்தது. மறுபடி ஒதுங்கினோம், மறுபடி நின்றது. சங்கூதிக்கொண்டு வந்த அண்ணை பொறுமை இழந்து, “போங்கோவன்!” என்று கையைக் காட்டினார். கண்ணாடி இறங்கியது.

“நான் உங்களை முந்திப் போக வரேல்லை, பிள்ளையள். உங்களோடைதான் வாறன்.”

அதன்பின் நாங்கள் ஒதுங்கவில்லை. அந்த வெளிச்சம் எங்கள் முதுகுக்கு ஏறாது. முன்னால் நடப்பவர்களின் குதிக்கால்கள் மட்டும் மஞ்சளாகத் தெரியும். மேலே எல்லாம் பனிப்புகார். கால்களுக்கு மேல் ஆட்களே இல்லாமல் பாட்டு மட்டும் போவது போல இருக்கும். ஒரு நாள் எதிரே மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று பெரிய வேகத்தில் வந்தது. எங்களை அவன் கண்டிருக்க மாட்டான். எங்களுக்குப் பின்னால் தாழ்வாக நின்ற அந்த இரண்டு மஞ்சளைக் கண்டுதான் பிறேக் அடித்தான். இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த நாள் அன்ரியின் காருக்குள் ஒரு சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் இருந்தது. அப்பா தன் கையால் ஊற்றியது.

தேவாலயத்தில் யாரோ, மிசி கோயில் சுற்றத் தொடங்கிவிட்டாவோ என்று கேட்டார்களாம். “பிள்ளையள் நடக்கினம், நான் கார் ஓடுறன். அவ்வளவுதான்” என்று சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் பாடகர் குழுவில் தன் இடத்தில்தான் நின்றார். அப்படி இரண்டு மார்கழி வந்தார்.

சவ அடக்கத்துக்கு வந்த மகன், காரை விற்பதற்காகக் கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், “தங்கச்சி, அம்மாவுக்கு ஏன் உந்த லைற்? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே” என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பைப்பை மூட மறந்துவிட்டார். தண்ணீர் எங்கள் காலடியால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டிக்கியைத் திறந்து, ஒரு சீலைத்துண்டில் சுற்றியிருந்த இரண்டு கறுப்பு மூடிகளை எடுத்து என்னிடம் தந்தார். கார் உரும்பிராயில் ஒருவருக்குப் போய்விட்டது.

மூடிகள் என் புத்தக அலுமாரியில் இருக்கின்றன. இந்த மார்கழிக்குப் போகலாமா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவராகவே நேற்று, “நான் ரோச் லைற் கொண்டு பின்னாலை நடக்கிறன்” என்றார். எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வீதியில் வேறு கார்களும் வரும். பின்னால் வரும் வெளிச்சத்துக்கு ஒதுங்காமல் நடக்கப் பழகிய நாங்கள், இந்த முறை ஒதுங்க வேண்டும். ஒதுங்கி நின்றால், அது எங்களைக் கடந்து போய்விடும்.