துளியூண்டு

எங்கள் வீட்டில், பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதா என்று யார் கேட்டாலும் "துளியூண்டுதான் குடிக்குது" என்று சொல்ல வேண்டும். மூக்குமுட்டக் குடித்து ஏப்பம் விடுகிற பிள்ளையானாலும் அப்படித்தான். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். கேட்டவர்களும் நம்பாமல் சிரித்துக்கொண்டே போவார்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்கா நெருங்கிய சமயம், மலாக்காவில் காஜா பெராங் வீட்டில் என் தலைப்பிள்ளை பிறந்தான். அவன் உண்மையிலேயே துளியூண்டுதான் குடித்தான். இரண்டு இழுப்பு இழுப்பான், அசந்து தூங்கிவிடுவான்.

மாமியாரிடம் சொன்னேன். "கெட்டிக்காரி, அப்படித்தான் சொல்லணும்" என்று மெச்சினார். மெலிந்துகொண்டே போகிறானே என்று காட்டினால், "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்றார். வீட்டுக்காரர் டவுனில் கொடி கட்டும் வேலை முடிந்து வந்ததும் அழுதேன்.

"எல்லா அம்மாவும் சொல்றதுதானே? பயப்படாத லா" என்றார்.

"இல்லைங்க, நெசமாவே துளியூண்டுங்க."

அந்த 'நெசமாவே'யையும் எல்லாரும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை. கத்தினால், பிள்ளை பெற்ற உடம்பு, சூடு தலைக்கேறிவிட்டது என்று எனக்கு மருந்து அரைத்திருப்பார்கள். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மா இருந்தார்; அந்தக் காலத்திலேயே இங்கே குடியேறி மலாய்க்காரரோடு கலந்துபோன தமிழர் வழி. நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். தமிழ் வராது. ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த எனக்கோ மலாய் வராது. ஒரு நாள் அவர் பிள்ளையைப் பார்க்க வந்தபோது, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "ஹோஸ்பிட்டல்" என்றார். அவரே ஓடிப்போய்ப் பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவைக் கூட்டிவந்து என்னை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார். "ஏம்மா, முன்னாடியே யாருகிட்டயும் சொல்லலையா?" என்று அதட்டினார்.

"எல்லாருகிட்டயும் சொன்னேன், மிஸ்ஸி."

மறுநாள் என் மடி காலியாகிவிட்டது. செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்ததாகப் பெண் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். "வயிறு முட்டக் குடிக்கிறா" என்றேன். மாமியார் பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தார். அவர் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.