சோடி பிரிந்த கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. 2008 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை லைன் வீட்டில், பகல் வெளிச்சத்தில் இது நடந்தது.

கட்டிலுக்குப் பதிலாகப் பழைய மரக்கடையில் ஒரு கதவை வாங்கியிருந்தேன். ஹாலோ பிளாக்குகளை இரண்டிரண்டாக அடுக்கி, அதன்மேல் கதவைக் கிடத்தி, பனியன் வேஸ்ட் துணி அடைத்த மெத்தையைப் போட்டால் கட்டில் தயார். அது இரட்டைக் கதவில் ஒரு பாதி. கடைக்காரர் கந்தவேல் தயங்கினார்.

"சோடியப் பிரிச்சுக் குடுக்கற பழக்கமில்லீங்க."

எங்கள் அறையில் ஒன்றுக்குத்தான் இடம். விடாமல் நச்சரித்து வாங்கினேன். மறுபாதியைச் சோமனூர்க்காரர் ஒருவர் மேசை செய்ய எடுத்துக்கொண்டார்.

அக்கா வேல்விழி சிரித்தாள். "கதவுல படுக்கிற மொத ஆளு நீதாம்ல. யாரும் தட்டுனா எந்திரிச்சு வழி விடு."

அந்த ஞாயிறு அக்காவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம். அவள் மகள் ஜோதிகாவுக்கு நான்தான் காவல். நான்கு வயது. 4 மணிக்குக் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை. வாசலில் மட்டும் வெளிச்சம்.

4.10. கட்டிலடியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

பாப்பா ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். வரவில்லை. குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தேன்.

கதவின் அகலம் மூன்றடி கூட இல்லை. முழு உடம்பும் உள்ளே போய்விட்டது. கையை நீட்டினேன். சுவர் தட்டுப்படவில்லை... இன்னும் நீட்டினேன்... தட்டுப்படவில்லை.

ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது. ஈரமான கை.

"வா பாப்பா, போலாம்."

திரும்பிப் பார்த்தேன். வாசல் வெளிச்சம் இல்லை.

இடப்பக்கம் மரம். வலப்பக்கம் மரம். முதுகால் முட்டினேன். மேலே இருந்தது வெறும் மெத்தைதான். ஆனால் கதவு அசையவில்லை...

மூச்சு முட்டியது.

டக்... டக்... டக்...

வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"மாமா, உள்ள என்ன பண்ற?"

ஜோதிகாவின் குரல். வெளியே.

அப்படியென்றால்...

விரலில் பிடி இறுகியது.

"நானும் வர்றனுங்க..."

உதறினேன். விடவில்லை. இன்னும் பலமாக உதறினேன்.

வெளிச்சம்.

வாசலில் ஜோதிகா நின்றாள். பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கு கையில். மணி 4.13. கதவைப் புரட்டிப் போட்டேன். அடியில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அதை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கந்தவேல் காரணம் கேட்கவில்லை. அங்கே மதிலோரம் மறுபாதி சாய்ந்திருந்தது, மேசைக் கால்களோடு.

நேற்று இரவே சோமனூரிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஊட்டுப் பையனுங்க. ரித்தீசு. அஞ்சு வயசு. நேத்து நாலு மணிவாக்குல மேசைக்கடியில வெளையாடப் போயிருக்கறான். அம்மாக்காரி பக்கத்துலயேதான் உக்காந்திருக்கறா. உள்ள போனதப் பாத்தாளாமா. வெளிய வந்ததப் பாக்கலீங்க. இன்னமும் தேடீட்டிருக்கறாங்க."

என் விரலைப் பிடித்த கையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அதை உதறியதையும்.