கோட்டைக் கழற்றாதவர்கள்

இத்தாலியின் பலெர்மோவில் கோடைகாலத்தில் கோட்டைக் கழற்றாமல் சாப்பிடுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அனல் காற்று அடிக்கிற நாளில்கூடக் கழற்றமாட்டான். ஏனென்றால் இடுப்பில் பிஸ்டல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாஃபியாவை அடக்கச் சந்திக்குச் சந்தி பட்டாளம் நின்ற காலம். கால்சாப் பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் எனக்குச் சமையல் வேலை. ஒரு நாள் நகைக்கடைக்காரர் ஒருவர் கதிரையில் சாய, அவருடைய பிஸ்டல் நழுவி ஒரு குழந்தையின் காலடியில் விழுந்தது. அடுத்த நாளே கடைக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, கதவில் ஓர் அறிவிப்பு மட்டை ஒட்டினார்: தயவுசெய்து துவக்கு இல்லாமல் வாருங்கள். துவக்குக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடி வந்தவள் நான். சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன்.

துவக்குக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அரசாங்கம் தந்த அனுமதி என்ர பையிலை கிடக்கு. இவ ஆர் என்னை மறிக்க?" என்று நகைக்கடைக்காரர் தெருவில் நின்று கத்தினார். அவருடைய நகைக்கடையில் இரண்டு தரம் கொள்ளையடித்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் மீன் தின்ன வந்த இடத்தில் ஆரைச் சுட?

ஞாயிறு பூசை முடிய அவரும் கூட்டாளிகளும் கோட்டோடு வந்தார்கள். மேசைக்கு ஒருவராகக் குந்தி, ஆளுக்கொரு கோப்பியோடு பின்னேரம்வரை இருந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள் இடமில்லாமல் திரும்பினார்கள். ஞாயிறு மத்தியானம்தான் அந்தக் கடையின் உயிர். அடுத்த ஞாயிறும் அதே கூத்து.

"இப்பிடியே போனால் பூட்டத்தான் வேணும்," என்றார் சிஞ்ஞோரா. பூட்டினால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள், நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். "மட்டையைக் கழட்டட்டோ?" என்று கேட்டார்.

"கழட்டினால் நானும் போறன்," என்றேன். விசர்க் கதைதான். ஆனாலும் சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு அனல் காற்று. கோட்டுகள் வந்து குந்தின. எனக்கும் குசினியில் கூட வேலை செய்கிற என் மனுசனுக்குமென்று ஊர் மிளகாய்த் தூள் போட்டு ஒரு பெரிய சட்டி கணவாய்க் கறி வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்த எதிரியையும் வெறும் வயிற்றோடு விடுவதில்லை. பாஸ்தாவில் கறியை ஊற்றி, கடை சும்மா தருகிற சாப்பாடு என்று சொல்லி எல்லா மேசைக்கும் அனுப்பினேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனுசன் பதறினார். "இஞ்சாருமப்பா, உந்த உறைப்பை உவங்கள் தாங்குவாங்களே?"

"தாங்காட்டிக் கோட்டைக் கழட்டட்டும்!"

பலெர்மோக்காரன் முன்னால் வைத்த சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளமாட்டான். தின்றார்கள். முகம் பழமிளகாய் மாதிரிச் சிவந்தது. நாடியால் வியர்வை ஒழுகியது. ஆனால் ஒருவனும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நகைக்கடைக்காரரின் கை கோட்டுப் பொத்தானுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

சிஞ்ஞோரா அவருக்கு முன்னால் நின்று தனக்கு மட்டும் ஆறுதலாக விசிறினார். "வெக்கையா இருக்கோ, ஐயா?"

குசினிக் கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நகைக்கடைக்காரர் கோப்பையை வழித்து நக்காத குறைதான். "இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு. கதவிலை என்ன எழுதியிருக்கு?" என்றார் சிஞ்ஞோரா.

கதவு மட்டையைப் பார்த்து முறைத்தார். பிறகு எழும்பிப் போனார். வீடு அடுத்த தெருதான். கையை மடித்துவிட்ட வெறும் சட்டையோடு திரும்பி வந்து, "எங்கை என்ர கோப்பை?" என்றார். கடையே கை தட்டியது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய் வந்தார்கள். இரண்டு பேர் திரும்பவே இல்லை. போகட்டும் சனியன்கள். அந்த மேசைகளில் குடும்பங்கள் குந்தின.

"எங்கடை கறி எங்கையப்பா?" என்று மனுசன் கேட்டார். சட்டியில் ஒட்டியிருந்ததைப் பாண் ரொட்டியால் துடைத்து மூன்று பேரும் தின்றோம். சிஞ்ஞோராவுக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது.

"வாற ஞாயிறும் இதையே காய்ச்சு," என்றார். "மட்டை அங்கையே கிடக்கட்டும்."