இணைச்சீருக்கு நின்ற எலேனி அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவில் ஒரு கல்யாணம் பார்த்தேன். மாப்பிள்ளை, பெண், பந்தல் எல்லாம் ஆஸ்திரேலியாவில்... நான் இங்கே சிநேகிதர் வீட்டு டி.வி. முன்னால், காபி டம்ளரோடு. வீடியோ கேசட் கல்யாணம்!

மாப்பிள்ளை கார்த்தி அந்தச் சிநேகிதரின் மச்சினன். மெல்போர்னில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெண்ணும் அங்கேயே செட்டிலான நம் பக்கத்துக் குடும்பம்தான். கல்யாணத்துக்குக் கிளம்பி நின்ற கார்த்தியின் அக்கா, சிநேகிதரின் மனைவி சரஸ்வதிக்குக் கடைசி வரை விசா வரவில்லை.

எங்கள் பக்கம் இணைச்சீர் இல்லாமல் தாலி ஏறாது. புதுச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும், மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்கும் சீர் அது. அந்த இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்?

வெளிநாடுதானே, சீரை விட்டுவிடலாம் என்றார்களாம் பெண் வீட்டில். கார்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டு எலேனியை நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறான். எலேனி கிரேக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர். போன புதிதில் இவன் காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவர்.

"உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாள் சரஸ்வதி. அது எப்படிப்பட்ட "உன் இஷ்டம்" என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

கேசட் ஓடியது. எலேனி பட்டுச்சேலையை எப்படியோ சுற்றிக்கொண்டு, முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம் — சரஸ்வதியைத் தவிர. சீர் முடிந்தது. சேலையை விடச் சொல்லி யாரோ ஜாடை காட்டினார்கள். எலேனி விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். கார்த்தி குனிந்து காதில் ஏதோ சொன்ன பிறகுதான் விட்டார்.

"ஏனுங்க, அதை மறுக்கா ஓட்டுங்க" என்றாள் சரஸ்வதி, கணவரிடம். மூன்று தடவை ஓட்டினார்.

"நானா இருந்தாலும் இப்படித்தானுங்கண்ணா புடிச்சிருப்பேன்" என்றாள் என்னிடம், மெதுவாக.

கடல் தாண்டிப் போனவர்கள் ஒன்று அந்த ஊராகவே மாறிவிடுவார்கள், இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு கோயமுத்தூரிலேயே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்தப் பையன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சீரையும் காப்பாற்றிவிட்டான். எனக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது... நான் ஒன்றும் செய்யாவிட்டாலும்!

கிளம்பும்போது சரஸ்வதி ஏர்மெயில் கவரை ஒட்டிக்கொண்டிருந்தாள். தம்பியைத் திட்டி எழுதியாயிற்றா என்று சீண்டினேன்.

"அட போங்கண்ணா. அந்த எலேனியம்மா பையனுக்கு தை மாசம் கலியாணமாமா. அவிங்க சீர்ல எந்தம்பி என்னத்தைப் புடிச்சு நிக்கோணும்னு கேட்டு எழுதிப்போட்டேனுங்க."