போனில் கேட்ட பீப் சத்தம்

தெர்மாமீட்டரின் ‘பீப், பீப்’ சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் நான் அப்படியே நின்றுவிடுவேன். ஆவடியில் டெங்கு தடுப்பூசி ஆராய்ச்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்தனுப்பினோம். சிலருக்குப் போட்டது தடுப்பூசி, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று வாராவாரம் போனில் கேட்பதுதான் எங்கள் பிழைப்பு.

சிஸ்டர் எங்கள் தலைமை நர்ஸ். ஓரிடத்தில் உட்கார மாட்டார். நாங்கள் ஸ்பீக்கரில் பேசப் பேச, பின்னால் நடந்துகொண்டே கேட்பார். “நல்லா இருக்கோம்னு சொன்னா நம்பிடாதீங்கடி. நம்ம சனம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டும் அதையேதான் சொல்லும்” என்பார். எந்தப் புண்ணியவானோ அந்தப் போனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைக் குறித்துத் தொலைத்திருந்தார். விளக்கேற்றுகிற நேரத்தில் எந்த வீட்டில் காய்ச்சல் என்ற வார்த்தை வாயில் வரும்?

அப்படியொரு வெள்ளிக்கிழமை வெள்ளானூரில் ஒரு வீட்டுக்குப் பேசினேன். ஊசி போட்டுக்கொண்டவர் வீட்டுக்காரர். நிலத்தை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர். போனை எடுத்தது மனைவி. “நல்லா கீறோம்மா, ஒண்ணியும் இல்ல.” சரி என்று வைக்கப் போனேன். அந்தம்மாள் குரலுக்குப் பின்னால் ‘பீப், பீப்.’

சிஸ்டர் நடையை நிறுத்தினார். “நல்லா இருக்கிறவன் எதுக்குடி தெர்மாமீட்டர் வைக்கிறான்?” அடுத்த நிமிடம் நான் அவர் ஸ்கூட்டியின் பின்சீட்டில் இருந்தேன். வழி விடாத தண்ணீர் லாரியை சேக்காடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

“கோச்சுக்காத சிஸ்டரு, வெளக்கு வெச்ச நேரத்துல அந்தப் பேச்ச எப்டி எடுக்கறது? அதான் காத்தாலயே காய்ச்சல் உட்டுச்சே” என்றார் அந்தம்மாள். சிஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. டெங்குவில் காய்ச்சல் விடுகிறபோதுதான் ஆபத்தே ஆரம்பம். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அவருடைய ஆட்டோவிலேயே, பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தம்மாள் கேட்டார், “நீதான ஊசி போட்ட? அப்பால ஏன் வந்துச்சு?”

“எனக்கே தெரியாதும்மா” என்றார் சிஸ்டர். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார். சிஸ்டர் மேலிடத்தில் சண்டை போட்டு, போன் செய்யும் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றினார்.

அந்த மனிதருக்குப் போட்டது எது என்று இன்னும் தெரியாது. ஆராய்ச்சி முடியவில்லை. சிஸ்டர் ஓய்வு பெற்று ஐயப்பன்தாங்கலில் தனியாக இருக்கிறார். அங்கே வீட்டுக்கு வீடு டெங்கு என்று கேள்விப்பட்டு நேற்று போன் செய்தேன். “எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். போயி உன் வேலையைப் பாரு” என்றார். பின்னால் ‘பீப், பீப்.’ போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. விட்டதுதான் எனக்குப் பயம். கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். எப்படி இருக்கு சிஸ்டர் என்றால், “நல்லா இருக்கேன்டி, சும்மா நச்சரிக்காதே” என்கிறார்.

நான் நம்பவில்லை. அவர் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.