தீவுக்கு வந்து சேர்ந்த எட்டு எழுத்துகள்

மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அதில் அந்தமான் போய்வந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் பலர். இரண்டாயிரத்து ஆறில் என் முறை வந்தது. மகள் பொறியியல் முடித்து வீட்டில் இருந்தாள். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. வேலைக்கான கடிதம் மின்னஞ்சலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதமாகியும் வரவில்லை. பத்து நாளில் வந்துவிடாது என்று நான்தான் முடிவுசெய்து டிக்கெட் போட்டேன்.

நானும் மனைவியும் மகளும் போர்ட் பிளேரில் இறங்கி, மறுநாள் கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். அங்கே ஊர்களுக்குப் பெயரோடு நம்பரும் இருக்கிறது. மூன்றாம் நம்பரில் கடைத்தெரு. ஐந்தாம் நம்பரில் எங்கள் விடுதி. என் செல்போன் தீவில் வெறும் கடிகாரமாகிவிட்டது. அதனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் நம்பர் வரை நடந்து, எஸ்.டி.டி. பூத்திலிருந்து, சென்னையில் எங்கள் வீடிருக்கும் செம்பாக்கத்துக்குப் பேசுவேன். எங்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் வீட்டுச் சாவி இருந்தது. செம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவர்களுடையது. நாங்கள் வீடு கட்டிய மனையே ஒருகாலத்தில் அவர்கள் வயல்தான். செடிகளுக்குத் தண்ணீர் விட்டார்களா, தபால் ஏதும் வந்ததா என்று கேட்பேன். அவர் எப்போதும், "வூடு அங்கயேதான் கீது சார், எங்கயும் போவல" என்பார்.

நான்காம் நாள் அவர் வேறு செய்தி சொன்னார்.

"சார், உங்க பொண்ணு கூடப் படிச்ச பொண்ணு நேத்து வந்திச்சி. வேலைக் கடுதாசி எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல வந்துட்டுதாம். எந்த ஊருக்குப் போறேன்னு இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள இவ பதில் போடணுமாம். போடலன்னா வேற யாருக்கோ தூக்கிக் குடுத்துடுவானாம்."

"அந்தப் பொண்ணு இப்ப எங்கக்கா?"

"அது நேத்தே திருநெல்வேலி ரயிலு ஏறிடுச்சி."

பூத்தின் வாசலில் நின்றிருந்த மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பாஸ்வேர்ட் என்னப்பா?"

இங்கே என் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளுக்கு ஒன்றாக மூன்று மின்னஞ்சல் முகவரிகள். மூன்றையும் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான்தான் தொடங்கினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மூன்றுக்கும் கடவுச்சொல்லை மாற்றுவேன். யாரும் ஊகிக்க முடியாதபடி, எந்த அர்த்தமும் இல்லாத எட்டு எழுத்துகள். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, சம்பந்தப்பட்டவரிடம் சொல்வேன். அந்த மாதம் இரண்டாம் தேதி புறப்பாடு. முதல் தேதி மாற்றினேன், எழுதினேன், பெட்டி கட்டும் அவசரத்தில் அவளிடம் சொல்லவில்லை. பயணத்துக்கு எடுத்துவந்தது சின்ன நோட்டு. அது தொலைந்துபோனால் ஆபத்து என்று அதில் கடவுச்சொற்களை எழுதவில்லை. டைரி செம்பாக்கத்தில், பீரோவுக்குள்.

மனைவி கேட்டாள்: "அவ பாஸ்வேர்டை அவளே வச்சுக்கிட்டா என்னங்க குறைஞ்சிடும்?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது மணி ஒன்பது இருபது.

பூத்தை நடத்திய கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பூர்வீகம் ராமநாதபுரம்; மூன்று தலைமுறையாக அந்தமான்வாசிகள். கணவர் கப்பலில் வேலை. பூத்துக்குப் பின்னறையில் இரண்டு கணினிகள், கூரைமேல் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய தட்டு. தீவில் இன்டர்நெட் கிடைத்த வெகுசில இடங்களில் அது ஒன்று. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "முதல்ல உட்காருங்க. லைன் இப்ப இல்லை. வரும்" என்றார்.

"எப்ப வரும்?"

அவர் ஒரு நீள நோட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும், அந்த நேரத்திலும், எனக்குள் ஒரு மரியாதை எழுந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் இணைப்பு வந்த நேரம், போன நேரம், அப்போது வானம் எப்படி இருந்தது, மின்சாரமா ஜெனரேட்டரா என்று கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன் நான். காய்ச்சல் நாட்களில் எனக்கு இடைவெளி உண்டு.

வெளியே வந்து கிழக்கே பார்த்தார். "இந்த மாதிரி மேகம் இருந்தா மத்தியானம் வரைக்கும் லைன் ஆடும். ரெண்டரை, மூணுக்கு மேல நல்லா நிக்கும். அதுவரைக்கும் செய்யற வேலையைச் செய்யுங்க சார், ஆராம்சே." பதறாமல் என்பதை அந்த ஊர்த் தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செய்கிற வேலை என்பதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோர் கையிலும் ஒரு காகிதமும் பென்சிலும். அனுப்பவேண்டியதை முதலில் காகிதத்தில் எழுத வேண்டும். பிறகு இணைப்பு இல்லாதபோதே கணினியில் தட்டித் தயாராக வைக்க வேண்டும். இணைப்பு வந்ததும் நுழைவது, ஒட்டுவது, அனுப்புவது, எழுந்துகொள்வது. பக்கங்களில் படங்கள் வராதபடி நிறுத்தியிருந்தார். வரிசையிலும் ஒரு நியாயம் உண்டு: வருகிறவரிடம் "இன்னிக்கா, நாளைக்கா?" என்று மட்டும் கேட்பார். நாளை என்றால் தாங்குகிறவர்கள், இன்று என்பவருக்கு இடம்விட வேண்டும். காரணம் கேட்பதில்லை. யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசையைத் தினமும் பார்க்கிற எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

மகள் காகிதத்தை வாங்கி எழுதத் தொடங்கினாள். நான் மறுபடி செம்பாக்கத்துக்குப் பேசினேன். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, மேல்தட்டில் பச்சை டைரி, எடுத்துக்கொண்டு உங்கள் போனுக்கு வாருங்கள் என்றேன். கால்மணி கழித்துக் கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது.

"இன்னா சார் இது? 'பக்கத்து வீட்டம்மா நாலு பத்துக்கு வந்து அஞ்சு முப்பத்தஞ்சு வரை பேசினார். விஷயம் ஒன்றுமில்லை.' இப்பிடித்தான் எய்தி வப்பீங்களா?"

அடையாளத்துக்கு நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தத் தொலைபேசியில் நாம் பேசுவது ஒரு விநாடி தாமதமாகத்தான் போய்ச்சேரும். அந்த ஒரு விநாடி எனக்கு அன்று உதவியாக இருந்தது.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. கடைசிப் பக்கம். கடைசிப் பக்கத்துல மூணாவது வரி."

"இருக்கட்டும், வந்து பேசிக்கலாம். ஆங், மூணாவது வரி. இங்கிலீஷ்ல கீதே சார்."

அவர் தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் கற்றதில்லை. ஃபோனை மகள் வாங்கிக்கொண்டாள். "அத்தே, எந்த எழுத்து மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

"மொதல்ல இருபத்தியொண்ணு ஜி பஸ்ல போட்டுகினு வருவானே, அந்த ஜி."

"பெருசா, சின்னதா?"

"பஸ்ல எப்பிடி கீதோ அப்பிடியே கீது. அப்பால நாலு, நம்பரு. அப்பால தி. நகர் போற அஞ்சு ஏ-ல வர்ற ஏ. அதுக்கடுத்தது… இது எந்த பஸ்லயும் இல்ல கண்ணு. பேஜாரா கீது."

"எதையாச்சும் மாதிரி இருக்கா?"

"நாற்காலிய பக்கவாட்டுல பார்த்தா மாதிரி கீது."

மகள் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு துள்ளினாள். "எச்! சின்ன எச்!"

பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். கடைக்காரம்மா ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பெரிதாக எழுதி, முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். மீதி நான்கும் அப்படியே வந்தன. ஒன்று முருகனின் வேலாயுதத்தைத் தலைகீழாக வைத்ததுபோல, ஒன்று கொக்கி. எட்டையும் வாங்கியபின் மகள் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டம்மா பொறுமையாக முதலிலிருந்து மறுபடி பஸ்களை வரிசையாக விட்டார். ஒன்றுகூட மாறவில்லை.

அதன்பிறகு காத்திருப்புதான். மூன்று முறை இணைப்பு வந்து, பக்கம் பாதி திறக்கும்போதே போனது. ஒன்றரை மணிக்கு மின்சாரம் போய், கடைக்காரம்மா ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஓட்டினார். மூன்று மணி ஆகியும் வரவில்லை. நான் எழுந்து நடந்தேன். கடைக்காரம்மா நோட்டைப் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

மூன்று பதினெட்டுக்குக் கணினியில் விளக்கு பச்சையாகி நின்றது. அப்போது அங்கே உட்கார்ந்திருந்தவர் கடலுக்கடியில் நீந்த வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர். கடைக்காரம்மா அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் எழுந்து நாற்காலியை மகள் பக்கம் திருப்பிவிட்டார்.

எட்டு எழுத்துகளைத் தட்டினாள். திறந்தது. கடிதம் இருந்தது. மூன்று ஊர்கள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள்: சென்னை, ஹைதராபாத், புனே. காலையிலேயே பதில் எழுதித் தட்டிவைத்திருந்தாள். ஊரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம், அங்கிருந்து ரயில், மாலை ஏழுக்குள் வீடு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவள் விரல் புனே என்று தட்டியிருந்தது. திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. அனுப்பினாள். மூன்று இருபத்தாறு. மனைவி அவள் தலையில் கை வைத்தாள்.

கடைக்காரம்மா தன் நோட்டில் நேரத்தைக் குறித்தார். நானும் என் சின்ன நோட்டில் குறித்தேன். இரண்டும் ஒரே நிமிடம்.

"லைன் இன்னும் நிக்குது. வேற ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"இரண்டு நிமிஷம்" என்றாள் மகள். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே வந்து நின்றேன்.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் பற்றி எழுதிய வரிக்குக் கீழே, பென்சிலில், அவர் கையெழுத்தில் இருந்தது: "விஷயம் இருந்தது. உங்க மோட்டார் கருகுற வாசனை வருதுன்னு சொல்லத்தான் வந்தேன். பேசினது நீங்க." மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. அந்த வரியை நான் அழிக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல மூன்று வரிகளுக்குக் கோடு போட்டேன். முதல் வரியில் என்னுடையது. இரண்டாவது வரியை நிரப்பும் முன் மனைவியிடம் கேட்டேன். "என்னோடதையும் நானே வச்சுக்கறேன்" என்றாள். பேனாவை மூடி, மற்ற இரண்டு வரிகளையும் வெறுமனே விட்டேன். மகள் உள்ளே புனேவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.