மலை சைக்கிளின் பச்சை சீட்

எங்கள் தெருவில் மலையேற வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. பால் வாங்கப் போனால் சமதளம். பள்ளிக்கூடத்துக்குச் சமதளம். ரயில்வே கேட் அருகே மட்டும் பாதை கொஞ்சம் மேலே எழும்பும். அங்கேயும் கேட் எப்போதும் மூடியே இருக்குமென்பதால் ஆம்பூர்க்காரர்கள் அந்த மேட்டை வண்டியைச் சாய்த்துக் குனிந்து கடப்பதுதான் வழக்கம். இருந்தும் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில், மலை சைக்கிள் இல்லாமல் இனி ஒரு நாளும் உயிர்வாழ முடியாது என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன்.

காரணம் இருந்தது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைக் குன்று. அதன் உச்சிவரை கல்லுடைக்கும் லாரிகள் போட்ட பாதை. வகுப்பில் பருமனான டயர் வைத்த சைக்கிள் உள்ளவர்கள் ஒரு குழுவாகி, பள்ளி திறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறுவதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். மெல்லிய டயர்க்காரர்களுக்கு இடமில்லை. நான் டயரே இல்லாதவன். அந்தக் கோடையில் சாப்பிடும்போதுகூட என் கால்கள் தரைக்கு மேல் பெடல் மிதித்துக்கொண்டிருந்தன. "சோத்தத் துன்னுட்டு ஓட்றா" என்பார் அம்மா.

அம்மா ஊர் எல்லையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளைப் புடவை, டவுன் பஸ், பஸ் வராவிட்டால் வெயிலில் நடை, நடந்து போய்ச் சேர்ந்தால் மேட்ரனிடம் வசவு. அப்பா தோல் கம்பெனியில் செலெக்டர். வந்து இறங்கும் தோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிப்பவர். உண்ணி கடித்த கடுகளவு தழும்பு, மாடு கன்றாக இருந்தபோது வேலிமுள் கிழித்த கோடு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே கண்தான். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்கள் வீட்டில் ஒரு பொருள் நுழைய வேண்டுமென்றால் அப்பா "பாஸ்" என்று சொல்ல வேண்டும்.

சைக்கிள் கடைக்கு மூவருமாகப் போனோம். காய்கறி வாங்கப் போகிற வழிதானே என்று அம்மாவும் வந்தார். கடைக்கார பாய் முழு சைக்கிளாக விற்பதைவிட, பாகம் பாகமாகப் பொறுக்கிக் கட்டித் தருவதில் பெருமை கொண்டவர்.

"பையா, எங்க ஓட்டப் போற, அத்த மொதல்ல சொல்லு. ஓட்றதுக்குத் தக்கினதான் வண்டி கட்டணும்."

"மலைல" என்றேன்.

"எந்த மலை?" என்றார் அப்பா.

"எல்லா மலையும்."

"தெனமும் மலைக்கேவா போயினு இருப்பான்?" என்றார் அம்மா. "ரோட்டுக்கும் ஆவறா மாதிரி கட்டுங்க பாய்."

அப்பா முதல் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார். தோலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்: முன்புறம், பின்புறம், அடிவயிறு. பெயின்டில் ஓர் ஊசிமுனைக் குமிழ். ரிஜெக்ட். அடுத்ததில் வெல்டிங் ஓரம் ஒழுங்கில்லை. ரிஜெக்ட். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சாப் பேஜார் பண்றீங்க. இது இரும்பு. மாட்டுத் தோலா இது, மடிச்சிப் பாக்கறதுக்கு?"

அந்த ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த ஞாயிறும். உலகத்தில் குறையில்லாத ஃபிரேம் வார்க்கப்படுவதற்குள் என் நண்பர்கள் இமயமலையையே ஏறி இறங்கிவிடுவார்கள் என்று தோன்றியது. வாரத்தின் மற்ற நாள்களில் நான் கடைவாசலுக்குப் போய் நின்று, உள்ளே போகாமல் திரும்பி, மறுபடி போய் நின்றேன். பாய் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்.

மூன்றாம் முறை அம்மா ஒரு ஃபிரேமின் மேல்கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பார் ஏன் இவ்ளோ ஒசரம்? பையன் காலத் தூக்கிப் போடறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

பாய் உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். அதன் கம்பி கழுத்திலிருந்து சரிந்து ஏறக்குறைய பெடல்வரை இறங்கியிருந்தது.

"ஐயோ, இது லேடீஸ் சைக்கிள்!" என்றேன். என் குரல் உடைந்துகொண்டிருந்த காலம். "லேடீஸ்" என்ற சொல் ஆண்குரலில் ஆரம்பித்து வேறெதிலோ முடிந்தது.

"லேடீஸா? மேட்டுல பேலன்ஸ் போச்சின்னா டக்குனு கால ஊனணும் இல்ல? அப்ப பார் ஒசரத்துல இருந்துச்சின்னா இன்னா ஆவும் தெரியுமா?" என்ன ஆகும் என்பதைப் பாய் வலது கையையும் இடது கையையும் கொண்டு விளக்கிக் காட்டினார். நான் உடனே அந்த ஃபிரேமுக்குச் சம்மதித்தேன்.

ஆச்சரியம் அப்பாதான். வெயிலுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தார், ஃபிரேமை ஒருமுறை பார்த்தார், "பாஸ்" என்றார். களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற பாகங்கள் வேகமாகச் சேர்ந்தன. நான் கேட்டவை: பட்டன் டயர், நேரான ஹேண்டில், கியர், சீட்டை ஸ்பேனர் இல்லாமல் ஏற்றி இறக்கும் கொக்கி. மலை ஏறும்போது சீட்டை உயர்த்த வேண்டும், இறங்கும்போது தாழ்த்த வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அம்மா கேட்டவை: செயின் கவர், கேரியர்.

"மலை சைக்கிளுக்கு எதுக்குமா கேரியரு?"

"புஸ்தகம் வெச்சிக்கினு போ."

"மலைக்கா?"

"ஏன், மலைல படிச்சா மண்டைல ஏறாதா?"

சீட்டுக்கு உறை போடுவது அப்பாவின் பங்கு. பாய் கடையின் ரெக்சின் உறையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த துண்டு கரும்பச்சை நிறம். ஏதோ ஒரு நாட்டுப் பெண்மணிகளின் ஷூவுக்காகச் சாயமேற்றி, அந்தப் பெண்மணிகள் மனம் மாறியதால் மீந்தது. அதற்கு மேல்பூச்சு அடித்திருக்கவில்லை. அப்பா மேல்பூச்சை மதிப்பவரல்ல. "பூச்சு எதுக்கு? கொறைய மறைக்கத்தான். நல்ல தோலுக்கு எதுக்குடா பூச்சு?" என்பது அவருடைய கொள்கை. அத்தனை நல்ல தோலை அதுவரை எந்த மனிதனும் உட்காரப் பயன்படுத்தியிருக்க மாட்டான்.

கொள்கையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பூச்சில்லாத தோல் ஈரம் பட்டால் சாயம் விடும். பள்ளி திறந்த முதல் நாள் வியர்வையோடு போய் இறங்கினேன். காக்கி டவுசரின் பின்புறத்தில் இரண்டு பச்சை இலைகள். முதல் பீரியட் முடிவதற்குள் எனக்குப் "பச்சைக்கிளி" என்று பேர் வைத்தாயிற்று. இன்றும் அந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட இரண்டு டாக்டர்களும் ஒரு வக்கீலும் இருக்கிறார்கள்.

சீட் உறையை மாற்றச் சொல்லி அப்பாவிடம் முறையிட்டேன். "வெயில்ல காஞ்சா நின்னுடும்" என்றார். மறுவாரம் முறையிட்டேன். "அது ஃபர்ஸ்ட் கிரேடுடா" என்றார். அதற்கடுத்த வாரம் டவுசரையே கொண்டுபோய்க் காட்டினேன். தூரத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கலர் நல்லா ஏறியிருக்குது" என்றார்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. சாயங்காலம் சீட்டை என் உயரத்துக்கு ஏற்றிவைப்பேன். காலையில் அது இரண்டு விரல் இறங்கியிருக்கும். கொக்கியை இறுக்கினேன். மறுநாளும் இரண்டு விரல். பாயிடம் போனேன், கொக்கியைத் தட்டிப் பார்த்து, "வண்டி கரெக்டா கீது, நீதான் ராத்திரில வளர்றே போல" என்றார். பக்கத்து வீட்டுப் பையன்மேல் சந்தேகப்பட்டேன். பேய்மேல் சந்தேகப்பட்டேன். சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்தேன். கோடு மறைந்து குழாய்க்குள் போயிருந்தது. டயர் பட்டன்களின் இடுக்கில் பள்ளிக்கூட மைதானத்தின் செம்மண். நானோ விளையாட்டு பீரியட்டில்கூட வகுப்பைவிட்டு வெளியே வராத பச்சைக்கிளி.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. குன்று ஏறும் நாள். விடிந்ததும் எழுந்து, தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு வந்தால், சைக்கிள் இல்லை.

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! சைக்கிள யாரோ தூக்கினு போய்ட்டான்!"

"வந்துடும்."

"போலீஸுக்குப் போலாம்பா!"

"வந்துடும்டா. ஒக்காரு."

என்னால் எப்படி உட்கார முடியும்? தெருமுனைக்கு ஓடினேன், வீட்டுக்கு ஓடினேன், கேட்வரை ஓடினேன். நண்பர்கள் என்னைக் கடந்து போனார்கள். "கிளி, பறந்து வந்துடு!" என்று ஒருவன் கத்தினான். அம்மாவிடம் சொல்லி அழலாமென்றால் அவருக்கு அன்று காலை ட்யூட்டி. ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸை நம்ப முடியாதென்று முன்னரே கிளம்பிவிட்டிருந்தார். இவ்வளவு தகவல்கள் கையில் இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைத்தான் இப்போது யோசித்தால் தாங்க முடியவில்லை.

மதியம் ட்யூட்டி முடியும் நேரம் தாண்டிக் கொஞ்சம் இருக்கும். தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் என் சைக்கிள் வந்தது. அதன்மேல் வெள்ளைப் புடவை. கேரியரில் டிபன் பை. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை; குறுக்கே வந்த ஒரு மாட்டு வண்டியை மணியடித்து ஒதுங்க வைத்துவிட்டு, நேரான ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி என் அம்மா வந்துகொண்டிருந்தார். ரயில்வே கேட் மேட்டில் மூச்சிரைக்காமல் ஒரு கியரைக் குறைத்தார். எனக்கு அந்தக் கியர் அதுவரை ஒருமுறைகூட ஒழுங்காக விழுந்ததில்லை.

தெரு திரும்பும் முன் இறங்கிவிட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரோ விட்டுப்போன வண்டியை உரியவரிடம் ஒப்படைக்க வருபவரைப் போலத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். எங்கள் தெருவில் கல்யாணமான பெண்கள் சைக்கிள் ஓட்டுவதில்லை. தடை ஒன்றுமில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். தள்ளுவதற்கு அங்கே யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

நான் முந்திக்கொண்டு ஓடினேன். "அப்பா! அம்மாதான் எடுத்துக்கினு போச்சி! ஓட்டிக்கினு வந்துச்சி, நான் பாத்தேன்!"

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "தள்ளிக்கினுதான வர்றா? நானும் பாத்துக்கினுதான இருக்கறேன்."

அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போகத் திரும்பினார். வெள்ளைப் புடவையின் பின்புறத்தில், யாரும் மறுக்க முடியாதபடி, இரண்டு பச்சை இலைகள். எனக்கு நன்றாகப் பழக்கமான இலைகள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி பெஞ்சுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கறாங்களா இன்னா?"

அம்மா வாசற்படியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா. புதுசா அடிக்கறாங்க."

"பாத்து ஒக்காரக் கூடாதா. போ, மாத்திக்கோ."

"அது பெயின்ட் இல்லப்பா! அது நம்ம சீட்டு கலரு!"

"சும்மா இர்ரா" என்றார் அப்பா. பேப்பர் மறுபடி உயர்ந்தது.

அன்று குன்றேறும் ஆசை எனக்கு அற்றுப்போனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. கடுகளவு உண்ணிக்கடியைக் கண்டுபிடிக்கிறவர், கையெட்டும் தூரத்தில் உள்ளங்கை அகலப் பச்சையைப் பார்த்துப் பெயின்ட் என்கிறார். அப்பாவுக்குக் கண் போய்விட்டது. கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும்? செலெக்டருக்குக் கண்தானே எல்லாம்?

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்வரை சோதித்தேன். எதிர்ச்சுவர்க் காலண்டரின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "அதுல இன்னா போட்டுருக்குதுப்பா?" என்றேன். அச்சகத்தின் பேர்வரை படித்தார். அரிசித் தட்டில் கல் கலந்து வைத்தேன். தட்டைக் கிளறாமலே கல்லை மட்டும் பொறுக்கிப் போட்டார். எனக்குக் குழப்பம் அதிகமானது. கடைசியில் அம்மாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போமா."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அவருக்கா?" என்றார். "அவருக்கா கண்ணு தெரியல?"

அன்று சாயங்காலம் வேலைவிட்டு வந்த அப்பாவின் கையில் ஒரு துண்டு கறுப்புத் தோல் இருந்தது. பளபளவென்று மேல்பூச்சு அடித்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து பச்சை உறையைப் பிரிக்கத் தொடங்கினார். வாரக்கணக்காக நான் கொடுத்த முறையீடுகள் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டன என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று, உட்கார்ந்து, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பழைய சீட்டைவிட அகலமாகப் பஞ்சு வைத்தார். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார், சாயம் வரவில்லை. சீட்டைக் குழாயில் பொருத்தி, என் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே கொக்கியை மாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்துப்பா" என்றேன்.

"இருக்கட்டும். நீ வேணும்னா ஏத்திக்கோ."

ஓரத்தில் ஒரு தையல் பாக்கி இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டிருந்தது. பாவம், கண் தெரியாத மனுஷர், நாமே கோத்துக் கொடுப்போமென்று நான் ஊசிக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் நூலை நாக்கில் ஈரம் செய்து, தலையைக்கூடக் குனியாமல், முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை.